ஃப்ளை ஃபிஷிங்கில் எந்த லீடர்? ஃப்ளை பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு முழுமையான வழிகாட்டி

இமாசலத்தில் தீர்த்தன் ஆற்றங்கரை. ட்ரவுட் பிடிக்கப் போன இரண்டாவது நாள் சாயங்காலம். முதல் நாள் காலையில் மூன்று மீன் கிடைத்தது, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அதே ஆறு, அதே மீன், கிட்டத்தட்ட அதே ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சி. மீன் மேலே வருகிறது, பார்க்கிறது, திரும்பிப் போய்விடுகிறது. கூட வந்த உள்ளூர் பெரியவர் என் நரம்பின் நுனியை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விஷயம் இதுதான்: ஒவ்வொரு முறை ஃப்ளையை மாற்றும்போதும் முடிச்சுக்காக நாலைந்து அங்குலம் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் ஒன்பது அடி நரம்பு, அதாவது லீடர், இப்போது ஏழடிதான் இருக்கிறது, மெல்லிய நுனி முழுக்கக் காலி. மீசைமுடி அளவுக்கு இருக்க வேண்டிய இடத்தில் துணி தைக்கும் நூல் அளவுக்குத் தடிமன். ராடுக்கும் ரீலுக்கும் பல ஆயிரம் செலவழித்தவன் ஒரு சின்ன நரம்புச் சுருளில் கோட்டை விட்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் லீடரைத் தேர்ந்தெடுக்கும் வரிசை மாறிவிட்டது. கடையில் பாக்கெட்டைப் பார்த்துத் தொடங்குவதில்லை. ஃப்ளையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி லைன் வரைக்கும் வருகிறேன். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகும்.

முதலில், லீடர் என்ன வேலை செய்கிறது?

மண்புழு கோத்துப் போடும் சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் அது தலைகீழ். இறகும் நூலும் சுற்றிய ஃப்ளைக்கு எடையே கிடையாது, அதை எவ்வளவு வேகமாக வீசினாலும் நாலடி தாண்டாது. எடை இருப்பது தடித்த ஃப்ளை லைனில். நாம் வீசுவது அந்த லைனைத்தான், ஃப்ளை சும்மா கூடவே போகிறது. ஆனால் பளபளவென்று தடிமனாக இருக்கும் அந்த லைனிலேயே ஃப்ளையைக் கட்டினால் மீன் ஓடிவிடும், தவிர அவ்வளவு தடிமன் ஃப்ளையின் கண்ணுக்குள் நுழையவும் நுழையாது. அதனால் நடுவே ஒரு நரம்பு தேவைப்படுகிறது. அதுதான் லீடர். நம் கடற்கரையில் தங்கூசி என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி ஒற்றை இழை நரம்புதான், ஆனால் ஒரு முனை தடிமனாகவும் மறு முனை மெல்லியதாகவும் படிப்படியாகக் குறுகி வரும்.

இந்தக் குறுகல்தான் எல்லாம். மாட்டுச் சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: பிடி தடிமன், நுனி மெல்லிசு, கையில் கொடுத்த விசை கடைசி நுனி வரைக்கும் போய்ச் சேருகிறது. லீடரும் அப்படித்தான். லைனில் வரும் விசையை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கடைசியில் ஃப்ளையை நீட்டி மெதுவாகத் தண்ணீரில் வைக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மெல்லிய நரம்பைக் கட்டினால் விசை பாதி வழியிலேயே செத்துப்போய் எல்லாம் இடியாப்பம் மாதிரி ஒரே இடத்தில் குவிந்து விழும்.

லீடரில் மூன்று பகுதிகள். லைனோடு சேரும் தடித்த பகுதி பட். நடுவில் குறுகி வருவது டேப்பர். கடைசியில் ஒரே தடிமனில் இருக்கும் மெல்லிய பகுதி டிப்பெட், ஃப்ளையைக் கட்டுவது இதில்தான். தனி டிப்பெட் நரம்பு சின்னச் சுருளாகவும் விற்கிறது, தேய்ந்துபோன நுனியை அதை வைத்து நீட்டிக்கொள்ளலாம். தீர்த்தனில் என்னிடம் இல்லாமல் போனது அந்தச் சுருள்தான்.

படி 1: எந்த ஃப்ளை?

மீன் என்ன சாப்பிடுகிறதோ அதற்கேற்ற ஃப்ளையை முடிவு செய்யுங்கள். ஃப்ளையின் அளவை முள்ளின் எண்தான் சொல்கிறது, எண் கூடக் கூட முள் சின்னது. 18ஆம் எண் ஒரு கொசு அளவு, 12 ஒரு நல்ல ஈ அளவு, 4 என்றால் சின்ன மீன் குஞ்சு மாதிரி இருக்கும் ஸ்ட்ரீமர். ஃப்ளை மிதக்கிறதா, மூழ்குகிறதா, உள்ளே எடை சுற்றியிருக்கிறதா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு இடத்தில் தேவைப்படும்.

படி 2: டிப்பெட் தடிமன்

இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள், ஏனென்றால் பாக்கெட்டில் 3எக்ஸ், 5எக்ஸ் என்று எழுதியிருக்கும், எண் கூடினால் நரம்பு மெல்லிசாகும். இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. நைலான் வருவதற்கு முன்னால் பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்த நரம்பைத்தான் பயன்படுத்தினார்கள். தங்கக் கம்பி இழுக்கும் பத்தர் கம்பியச்சின் துளை வழியே இழுத்து இழுத்து மெலிதாக்குவார் இல்லையா, அதே மாதிரி இந்தப் பட்டு நரம்பையும் தகட்டுத் துளையில் இழுத்தார்கள். எத்தனை முறை இழுத்தார்களோ அத்தனை எக்ஸ். 1935இல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானைக் கண்டுபிடித்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பட்டு நரம்பு மெல்ல மறைந்துபோனது, எக்ஸ் மட்டும் நின்றுவிட்டது.

தடிமனைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி: 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழியுங்கள், வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5எக்ஸ் என்றால் 11இல் 5 போக 6, அதாவது 0.006 அங்குலம், சுமார் 0.15 மி.மீ. 3எக்ஸ் 0.008 அங்குலம், சுமார் 0.20 மி.மீ. 0எக்ஸ் 0.011 அங்குலம், 0.28 மி.மீ. தடிமன் இப்படி நிலையானது, தாங்கும் எடை நிலையானது அல்ல. ஒரு நிறுவனத்தின் 5எக்ஸ் நாலரைப் பவுண்டு தாங்கும், இன்னொன்று ஐந்தரை தாங்கும். அதனால் பாக்கெட்டில் இரண்டையும் படியுங்கள்.

சரி, என் ஃப்ளைக்கு எது? ஃப்ளை எண்ணை 3ஆல் வகுங்கள். 12ஆம் எண்ணுக்கு 4எக்ஸ், 14க்கு 5எக்ஸ் பக்கம், 18க்கு 6எக்ஸ், 6ஆம் எண் ஸ்ட்ரீமருக்கு 2எக்ஸ். சிலர் 4ஆல் வகுப்பார்கள், அப்போது ஒரு படி தடிமனாக வரும். நான் தெளிந்த மெதுவான தண்ணீரில் 3ஆலும், நுரைத்து ஓடும் வேகத் தண்ணீரில் 4ஆலும் வகுக்கிறேன். இது சட்டம் இல்லை, ஒரு தொடக்கப் புள்ளி.

ஏன் இந்தப் பொருத்தம் முக்கியம் என்றால், பெரிய ஃப்ளையை மெல்லிய டிப்பெட்டில் கட்டினால் அது காற்றில் பம்பரமாகச் சுற்றி டிப்பெட்டை முறுக்கிவிடும், நேராக நீளாது, வீசும் வேகத்திலேயே அறுந்தும் போகலாம். சின்ன ஃப்ளையைத் தடித்த டிப்பெட்டில் கட்டினால் அது குச்சியில் குத்திய ஈ மாதிரி விறைப்பாக நிற்கும், ஓட்டத்தோடு அசையாது. மீன் நரம்பைப் பார்த்துப் பயப்படுகிறது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பார்ப்பது நரம்பை அல்ல, ஃப்ளை இயல்பில்லாமல் நகர்வதை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மிக மெல்லிய டிப்பெட்டில் பெரிய மீனை அரைமணி நேரம் இழுத்தடிப்பதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். விடப்போகிற மீன் என்றால் அது சாமர்த்தியம் இல்லை. களைத்துப்போன மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று உறுதியில்லை, கோடையில் தண்ணீர் சூடேறியிருக்கும்போது இன்னும் மோசம். வேலை நடக்கும் அளவுக்குள் எது தடிமனோ அதையே போடுங்கள்.

படி 3: நீளம்

மூன்று நீளங்கள் பரவலாகக் கிடைக்கும்: ஏழரை அடி, ஒன்பது அடி, பன்னிரண்டு அடி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஒன்பது. மிதக்கும் லைன், நடுத்தர ஆறு, ட்ரவுட் என்ற சூழலில் இதுதான் பொதுவான அளவு.

ஏழரை எப்போது? குறுகிய மலை ஓடைகளில். மூணாறு, நீலகிரிப் பக்கத்து ஓடைகளை நினைத்துப் பாருங்கள்: தலைக்கு மேலே கிளை, பக்கத்தில் புதர், வீசுவதற்கு இருபதடி இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அங்கே லைன் ராடுக்கு வெளியே கொஞ்சம்தான் இருக்கும், பன்னிரண்டு அடி லீடரை நீட்டித் திருப்ப அந்த எடை போதாது. (நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர 1863இல் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். அது வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் காலத்தில்தான், அவலாஞ்சியில் அதற்கென்று ஒரு குஞ்சுப் பண்ணையும் உண்டு. அந்த ஓடைகள் பல காட்டுக்குள் ஓடுகின்றன, முறையான அனுமதி இல்லாமல் ராடைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.)

பன்னிரண்டும் அதற்கு மேலும் எப்போது? காற்றில்லாத ஏரி, கண்ணாடி மாதிரித் தெளிந்த மெதுவான ஓட்டம், வெயிலில் லைனின் நிழல் விழும் இடம். லைன் தண்ணீரில் விழும் அதிர்வு மீனிடமிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் நீளம் கூடினால் வீச்சு சுத்தமாக இருக்க வேண்டும், எதிர்காற்று அடித்தால் எல்லாம் திரும்பி முகத்தில் வரும். காற்று நாளில் நான் கூச்சப்படாமல் ஏழரைக்கு இறங்கிவிடுவேன்.

நீளத்தில் ஒரு நுணுக்கம், பல வருடம் எனக்குப் புரியாமல் இருந்தது. மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் உடனே அடுத்த மெல்லிய எக்ஸுக்கு ஓடுகிறோம். அதற்கு முன்னால் அதே தடிமனில் டிப்பெட்டை ஓரடி, ஒன்றரை அடி நீட்டிப் பாருங்கள். ஆற்றில் ஓட்டம் எல்லா இடத்திலும் ஒரே வேகம் இல்லை, நடுவில் வேகம், ஓரத்தில் மெதுவு. குறுக்கே கிடக்கும் லைனை வேக ஓட்டம் இழுத்துக்கொண்டு போகும்போது ஃப்ளையும் சேர்ந்து கோடு போட்டுக்கொண்டு ஓடும். டிப்பெட் நீளமாக இருந்தால் அது சின்னச் சின்ன நெளிவுகளாக விழும், அந்த நெளிவு நிமிரும் வரைக்கும் ஃப்ளை சுதந்திரமாக மிதக்கும். இரண்டு வினாடி கூடுதலாகக் கிடைத்தாலே போதும், மீன் வாய் வைக்க அதற்கு மேல் நேரம் தேவையில்லை.

படி 4: பட் தடிமனும் விறைப்பும்

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. லைன் நுனியின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு பட் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 5ஆம் எண் லைனுக்கு (லைனின் எண் அதன் எடையைச் சொல்வது) 0.021 அங்குலம் பக்கம் வரும். இன்னும் எளிய சோதனை: லைனும் லீடரும் சேரும் இடத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வளையுங்கள். வளைவு ஒரே சீராக, கும்பிடும்போது முதுகு வளைவது போல வந்தால் சரி. சேரும் இடத்தில் கதவுக் கீல் மாதிரி மடிந்தால் பட் மெல்லியது. லைன் மட்டும் வளைந்து லீடர் குச்சியாக நின்றால் பட் விறைப்பு அதிகம்.

லீடர்களை ட்ரவுட், பாஸ் (அதுவும் ஒரு மீன்), கடல் என்று பிரித்து விற்பதன் பெரிய வித்தியாசம் இதுதான். பாஸ் லீடரில் தடித்த பகுதி நீளம், குறுகல் சடாரென்று முடியும், அதனால் காற்றை எதிர்க்கும் பெரிய ஃப்ளையையும் திருப்பிப் போடும். ட்ரவுட் லீடரில் குறுகல் நீண்டது, மென்மையாக விழும். சொந்தமாக முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்பவர்களுக்கு 60-20-20 என்று ஒரு சூத்திரம் உண்டு: நீளத்தில் 60 விழுக்காடு தடித்த பட், 20 டேப்பர், 20 டிப்பெட். தொடங்குபவர்கள் முடிச்சில்லாத கடை லீடரையே வாங்குங்கள், பாசியிலும் இலையிலும் ஒவ்வொரு முடிச்சும் மாட்டுவதை அனுபவித்த பிறகு சொந்தமாகக் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

படி 5: நைலானா, ஃப்ளூரோகார்பனா?

ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் தெரியவே தெரியாது என்று விளம்பரம் சொல்லும். அதில் பாதிதான் உண்மை. ஒளி விலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 பக்கம். தண்ணீரின் எண்ணுக்குக் கிட்டே இருப்பதால் ஃப்ளூரோகார்பன் குறைவாகத் தெரியும், மாயமாகிவிடாது. என்னைக் கேட்டால் அதன் உண்மையான பலம் வேறு இரண்டு. ஒன்று, அடர்த்தி: நைலான் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், 1.14 பக்கம், ஃப்ளூரோகார்பன் 1.78. அதனால் சீக்கிரம் மூழ்கும். இரண்டு, பாறையில் உரசினாலும் தாக்குப்பிடிக்கும்.

இதிலிருந்து முடிவு தானாகவே வருகிறது. மிதக்கும் ட்ரை ஃப்ளைக்கு நைலான். மென்மையானது, கொஞ்சம் இழுபடும், முடிச்சு நன்றாக இறுகும், ஃப்ளையைக் கீழே இழுக்காது. மூழ்கும் நிம்ஃபுக்கும் (நீர்ப்பூச்சியின் இளம் பருவம் மாதிரிக் கட்டிய ஃப்ளை) ஸ்ட்ரீமருக்கும் ஃப்ளூரோகார்பன் டிப்பெட். முழு லீடரையும் ஃப்ளூரோகார்பனில் வாங்குவது ட்ரவுட்டுக்கு வீண் செலவு என்பது என் கருத்து. நைலான் லீடர், நுனியில் மட்டும் ஃப்ளூரோகார்பன் என்று வைத்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கிறது, விலையும் தாங்கும்.

நைலான் தண்ணீரை உறிஞ்சி நனைந்தபின் கொஞ்சம் பலம் இழக்கும், வெயிலிலும் கெடும், அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஃப்ளூரோகார்பன் எளிதில் கெடாது, அதுவே அதன் கேடும்கூட: நாம் வெட்டிப்போடும் துண்டு ஆற்றங்கரையில் வருடக்கணக்கில் அப்படியே கிடந்து பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும். வெட்டிய துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதற்குத் தனிக் கருவி எல்லாம் தேவையில்லை.

படி 6: வழக்கமான லீடர் உதவாத இடங்கள்

மிதக்கும் தக்கைக்குக் கீழே நிம்ஃப் போடுபவர்களுக்கு ஒன்பது அடி லீடரே போதும், தக்கைக்குக் கீழே டிப்பெட் மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தடித்த டேப்பர் ஓட்டத்தில் மாட்டி ஃப்ளையை மூழ்க விடாது. யூரோ நிம்ஃபிங் என்பது வேறு உலகம். அங்கே எடை ஃப்ளையில் கோத்த உலோக மணியில் இருக்கிறது, லைனை வீசுவதே இல்லை, லீடர் ராடின் நீளத்தைவிடப் பெரிது, நடுவே பளிச்சென்ற நிறத்தில் சைட்டர் என்று ஒரு துண்டு இருக்கும், அது துடிப்பதைப் பார்த்துத்தான் மீன் கடித்ததை அறிவார்கள். இங்கே குறுகல் தேவையில்லை, மெல்லியதாக இருப்பதுதான் வேலை. சர்வதேசப் போட்டிகளில் லீடர் ராடின் இரண்டு மடங்கு நீளத்தைத் தாண்டக்கூடாது என்று விதியே வைக்க வேண்டி வந்தது, இல்லாவிட்டால் லைனே இல்லாமல் மீன் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மூழ்கும் லைன் போட்டால் லீடரைக் குறையுங்கள், மூன்றிலிருந்து ஐந்தடி போதும். லைன் ஆழத்துக்குப் போய்விடும், ஆனால் ஒன்பது அடி லீடர் இருந்தால் ஃப்ளை மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் ஒரு முழு நாள் மீனின் தலைக்கு மேலே ஃப்ளையை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மஹசீருக்கு வருவோம். ராமகங்கை, சரயு, மகாகாளி ஆறுகளில் பொன் மஹசீரை ஃப்ளையில் பிடிக்கப் போகிறவர்கள் 8ஆம் எண் லைனுக்கான ராடும், ஏழரை முதல் ஒன்பது அடி லீடரும், நுனியில் 12 முதல் 20 பவுண்டு நரம்பும் எடுத்துப்போவார்கள். இதற்கு முழு ஃப்ளூரோகார்பன் வாங்கலாம், செலவு நியாயம்தான். மஹசீர் கெண்டைக் குடும்பம், வாயில் பல் கிடையாது, பல் எல்லாம் தொண்டையில். ஆகவே கம்பி லீடர் வேண்டாம். நரம்பை அறுப்பது மீன் அல்ல, பாறை: முள் பட்டவுடன் அது ஓட்டத்தோடு கீழே பாய்ந்து பாறை விளிம்பில் உங்கள் லீடரைத் தேய்க்கும். எக்ஸ் கணக்கை இங்கே மறந்துவிட்டுப் பவுண்டில் யோசியுங்கள். நம் காவிரியின் திமில் மஹசீர் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலே சொல்கிறது, அதைத் தேடிப் போகாதீர்கள்.

ஊரிலேயே பிடிக்கலாம் என்பவர்களுக்கு விரால் இருக்கிறது. அல்லியும் தாமரையும் மூடிய குளத்தில் தவளை மாதிரி ஃப்ளையை இலைமேல் இழுப்பது. அங்கே மென்மைக்கு வேலையில்லை. ஆறேழு அடி, 20 முதல் 30 பவுண்டு நரம்பு, குறுகல்கூட பெயருக்குத்தான். கடித்தவுடன் கொடிக்குள் நுழையவிடாமல் இழுக்க வேண்டும். உப்பங்கழியில் கொடுவா என்றால் ஒன்பது அடி லீடரின் நுனியில் ஓரடிக்கு 30, 40 பவுண்டு தடித்த நரம்பைச் சேர்த்துக் கட்டுங்கள். அதன் வாய் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்பு கத்தி. சீலாவுக்குக் கம்பிதான், வேறு வழியில்லை. அந்தமானில் பெரிய பாரை மீனுக்குப் போகிறவர்கள் குறுகலே இல்லாமல் 80 முதல் 130 பவுண்டு நரம்பை நேராகக் கட்டுகிறார்கள், பவளப்பாறையில் அதுவும் சில நேரம் போதாது.

உலகச் சாதனைப் பதிவுக்கு ஆசை இருந்தால் மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ.வின் விதியைப் பார்த்துக் கட்டுங்கள்: அளவிடப்படும் கிளாஸ் டிப்பெட் குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும், பல்லுக்காகக் கட்டும் தடித்த துண்டு முடிச்சோடு சேர்த்து 12 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மற்றவர்களுக்கு இது தேவையில்லை.

படி 7: கட்டுவது

லைன் நுனியில் இப்போது பெரும்பாலும் ஒரு வளையம் ஒட்டியே வருகிறது, லீடரின் பட்டிலும் வளையம் இருக்கும். லீடரின் வளையத்தை லைன் வளையத்தின் மேல் மாட்டி, லீடரின் மறு முனையை லைன் வளையத்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். சரியாக அமைந்தால் இரண்டும் கைகுலுக்கிய மாதிரிச் சதுரமாகப் பூட்டிக்கொள்ளும். ஒன்று மற்றொன்றின் கழுத்தைச் சுருக்குப் போட்ட மாதிரி இருந்தால் தப்பு, அவிழ்த்துத் திரும்பச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மெல்லிய வளையம் தடித்ததை அறுத்துவிடும்.

லீடரில் டிப்பெட்டைச் சேர்க்க சர்ஜன்ஸ் நாட் போதும். இரண்டு நுனிகளையும் சேர்த்து வைத்து ஒரு வளையம் செய்து இரண்டு அல்லது மூன்று முறை உள்ளே விட்டு இழுப்பது, இருட்டில்கூடப் போடலாம். பிளட் நாட் அழகாகவும் நேராகவும் இருக்கும், ஆனால் இரண்டு நரம்பும் ஏறக்குறைய ஒரே தடிமன் இருந்தால்தான் பிடிக்கும். நைலானோடு ஃப்ளூரோகார்பனைச் சேர்க்க சர்ஜன்ஸ் நாட்டையே நம்புங்கள். இரண்டும் அலுப்பாக இருந்தால் இரண்டு மி.மீ. அளவில் டிப்பெட் ரிங் என்று ஒரு குட்டி உலோக வளையம் விற்கிறது, லீடரின் நுனியில் ஒரு முறை கட்டிவிட்டால் அப்புறம் வெட்டுவதெல்லாம் டிப்பெட்டை மட்டும்தான், லீடர் மாதக்கணக்கில் குறையாது. என் தீர்த்தன் அவமானத்துக்கு ஒரே மருந்து இதுதான். எடையில்லாத ஃப்ளையைக் கட்டும்போது மட்டும் கொஞ்சம் கனமாகத் தோன்றும், பழகிவிடும்.

ஃப்ளைக்கு கிளிஞ்ச் நாட். ஸ்ட்ரீமருக்கு இறுகாத வளைய முடிச்சு, அப்போதுதான் ஃப்ளை ஆடி ஆடி நீந்தும். எந்த முடிச்சானாலும் இறுக்குவதற்கு முன் எச்சிலில் நனையுங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அது வெந்துபோகும், பார்க்க நன்றாக இருக்கும், மீன் இழுத்தவுடன் போய்விடும்.

படி 8: புல்தரையில் சோதனை

ஆற்றுக்குப் போகும் முன் மைதானத்தில் வீசிப் பாருங்கள். முள்ளை வெட்டி எடுத்துவிட்ட ஒரு பழைய ஃப்ளையைக் கட்டுங்கள், முப்பது அடி வீசுங்கள். லீடர் முழுதாக நீண்டு ஃப்ளை கடைசியில் விழுந்தால் பிரச்சினை இல்லை. நுனி மட்டும் குவிந்தால் டிப்பெட் நீளம் அதிகம் அல்லது ஃப்ளைக்கு மெல்லியது, ஓரடி வெட்டிப் பாருங்கள். நடுவிலேயே மடிந்து விழுந்தால் பட் பொருந்தவில்லை, அல்லது உங்கள் கை, நேர்மையாகச் சொன்னால் பெரும்பாலும் கைதான். ஃப்ளை சாட்டை மாதிரிச் சடக்கென்று அடித்தால் லீடர் குட்டை, டிப்பெட்டைக் கூட்டுங்கள்.

மீன் போய்விட்டால் நுனியைப் பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லும். பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, சரியாக இறுக்கவில்லை. நேராக வெட்டிய மாதிரி அறுந்திருந்தால் எடை தாங்கவில்லை. நுனி வெள்ளையாகப் பிசிறடித்திருந்தால் பாறை. நடுவில் ஒரு சின்ன முடிச்சு தானாக விழுந்திருக்கும், வீசும்போது காற்றில் விழுவது, அது நரம்பின் பலத்தை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். தெரிந்தவுடன் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுசாகக் கட்டுங்கள், அவிழ்த்தாலும் அங்கே நரம்பு ஏற்கெனவே அடிபட்டிருக்கும். மணிக்கு ஒரு முறை நுனி இரண்டு அடியை விரலில் உருவிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி மீன் தப்பாது.

படி 9: என்ன வாங்குவது?

ட்ரவுட்டுக்குத் தொடங்குபவர் என்றால் ஒன்பது அடி 4எக்ஸ் நைலான் லீடர் இரண்டு, ஏழரை அடி 4எக்ஸ் ஒன்று, 4எக்ஸும் 5எக்ஸும் நைலான் டிப்பெட் ஒவ்வொரு சுருள், 4எக்ஸ் ஃப்ளூரோகார்பன் ஒரு சுருள், ஒரு பாக்கெட் டிப்பெட் ரிங். ஒன்பது அடி 4எக்ஸில் இரண்டடி 5எக்ஸ் சேர்த்தால் அதுவே பதினோரு அடி 5எக்ஸ் லீடர். ஆறு விதமான லீடர் வாங்கிப் பையில் அடைக்கத் தேவையில்லை.

நம் ஊர்க் கடைகளில் சுருள்கள் கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி மாதக்கணக்கில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். நைலான் என்றால் வாங்கும்போதே ஒரு துண்டை உருவி, துணி சுற்றிய கையால் சடக்கென்று இழுத்துப் பாருங்கள், சுலபமாக அறுந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். புது லீடரைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது சுருளை மூன்று விரலில் மாட்டி பட் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழுங்கள், நுனியைப் பிடித்து இழுத்தால் சிக்கு எடுக்கவே அரை மணி நேரம் போகும். அவிழ்த்தபின் இரண்டு கையாலும் மெதுவாக இழுத்து நீட்டினால் சுருள் நினைவு போய் நேராகும்.

தேய்ந்துபோன லீடரைத் தூக்கிப் போடாதீர்கள். நுனிதானே போயிற்று, பட் அப்படியே இருக்கிறது. அதை நாலடியில் வெட்டி, ஒரு ரிங் கட்டி, 2எக்ஸ் துண்டு ஒன்றைச் சேர்த்தால் ஸ்ட்ரீமருக்கு ஒரு குட்டி லீடர் தயார். என் பையில் இப்போது இருக்கும் ஸ்ட்ரீமர் லீடர்கள் எல்லாமே இப்படிப் பிழைத்தவைதான், தீர்த்தனில் வெட்டி வெட்டிக் குட்டையாக்கிய அந்த முதல் லீடரும் அதில் ஒன்று.